முகம் காணாத மருத்துவர்

காட்டூரில் குடியிருப்போருக்கு எக்ஸ்ரே என்பது மருத்துவமனைக்கு மட்டும் உரிய சொல் அன்று. பக்கத்துத் திருவெறும்பூரில் 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். உயர் அழுத்தக் குழாய்களை வெல்டிங் செய்து இணைத்த பின், அந்த இணைப்பை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்ப்பது அவர்கள் நன்கு அறிந்த வேலை. ஒளிப்பெட்டியின் மீது பிலிமை வைத்து ஒருவர் உற்று நோக்குவார். கீறல் உண்டா, காற்றுக்குமிழி உண்டா, இணைப்பு முழுமையாகப் பற்றியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவார். அந்தக் குழாய் எந்த ஊர் மின்நிலையத்துக்குப் போகிறது என்பதை அவர் அறிய வேண்டுவதில்லை. குழாய்க்கு முகம் இல்லை. தன் நோவைச் சொல்ல வாயும் இல்லை.

மனித உடலின் படத்தையும் இப்படியே படித்துவிடலாமா? இதுவே நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

இன்று திருச்சியில் எடுக்கப்படும் ஸ்கேன் படத்தைத் திருச்சியிலேயே ஒருவர் படிக்க வேண்டும் என்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ, தம் வீட்டு மாடியறையிலோ அமர்ந்திருக்கும் கதிரியல் மருத்துவர் ஒருவர் அதைக் கணினித் திரையில் பார்த்து அறிக்கை எழுதி அனுப்பிவிடுகிறார். நோயாளி அவர் முகத்தைக் கண்டதில்லை. அவரும் நோயாளியின் முகத்தைக் கண்டதில்லை. முகம் காணாத ஒருவருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்? எதிரே அமர்ந்து நாடி பிடித்துப் பார்ப்பவருக்குள்ள பொறுப்பு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் படம் பார்ப்பவருக்கும் உண்டா? அன்றி, தொலைவு கூடக் கூடப் பொறுப்பும் தேய்ந்துவிடுமா?

ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றே இந்தச் சிந்தனைக்குக் காரணமாயிற்று. நம் தமக்கையாருக்கு எழுபது வயது கடந்திருந்தது. இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை உட்கொண்டு வந்தார். ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் தலைவலி தாங்கவில்லை என்றார். பேச்சிலும் சிறு தடுமாற்றம் தெரிந்தது. நகரில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்நேரத்தில் அங்கே படத்தைப் படிக்கும் மருத்துவர் எவரும் இல்லை. வெளியூரில் இருக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பப்பட்டது. படத்துடன் சென்ற சீட்டில் இருந்தது ஒரே சொல்: தலைவலி.

ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை என்று அதில் கண்டிருந்தது. நாம் இறைவனுக்கு நன்றி கூறினோம். அவருடைய மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி யாரோ ஒருவர் ஸ்கேன் பிலிமைக் கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஃபஜ்ருக்குள் நாற்பது பேருக்கு மேல் அதைப் பார்த்திருந்தார்கள். ஓரத்தில் தமக்கையாரின் பெயரும் வயதும் மருத்துவமனை எண்ணும் தெளிவாக அச்சாகியிருந்தன.

காலையில் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் அறிக்கையைப் படித்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

“அம்மா, அண்மையில் எங்கேயாவது விழுந்தீர்களா?”

தமக்கையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “ஒளுச் செய்யப் போன இடத்தில் கால் வழுக்கிச் சுவரில் இடித்துக்கொண்டேன். இருபது நாள் இருக்கும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை, வாப்பா.”

அந்த மருத்துவர் உடனே தொலைபேசியை எடுத்து, இரவு படம் படித்தவரையே அழைத்தார். விழுந்ததையும் மாத்திரையையும் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் சினம் கொள்ளவில்லை. “சற்றுப் பொறுங்கள், மறுபடியும் பார்க்கிறேன்” என்றார். கால் மணி நேரத்தில் அவரே அழைத்தார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ஒரு பக்கம் இரத்தம் தேங்கியிருந்தது. அன்று மாலையே ஓட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றினார்கள்.

படம் மாறவில்லை. படித்த கண்ணும் மாறவில்லை. இடையில் வந்து சேர்ந்தது ஒரு வாக்கியம்; ஒரு மனிதக் குரல். அவ்வளவே.

இதைத் தவறு என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்கு 0 என்றும், காற்றுக்கு -1000 என்றும் வைத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். புதிதாகத் தேங்கிய இரத்தம் மூளையைவிட வெண்மையாகத் தெரியும். பல வாரங்கள் சென்றால் கருமையாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் அது மூளையின் நிறத்தோடு நிறமாக ஒன்றிப்போகும். அப்போது அதைக் கண்டறிய, மூளையின் மடிப்புகள் ஒரு பக்கம் சற்றே நெருக்குண்டிருக்கின்றனவா என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். தேட வேண்டும் என்று எவரேனும் சொன்னால்தானே தேடுவார்?

படம் பயணம் செய்த வழி

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அவர் எடுத்த முதற் படங்களுள் புகழ் பெற்றது அவர் துணைவியாரின் கை. விரலில் மோதிரத்தோடு எலும்புகள் தெரியும் அந்தப் படத்தை எடுத்தவருக்கு அது யாருடைய கை என்பது தெரியும். அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கும் பெரும்பாலும் இதுவே நிலை. படம் என்பது ஒரு பிலிம். அது ஓரிடத்தில்தான் இருக்கும். படிப்பவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். சென்னையில் கேப்டன் பர்னார்டின் முயற்சியால் 1934இல் திறக்கப்பட்ட கதிரியல் நிலையத்துக்குத் தொலைதூர மாவட்டத்து நோயாளிகள் இரயிலேறிச் சென்றதும் இதனாலேதான்.

ஆயினும் நோயாளிக்குப் பதிலாகப் படமே பயணம் செய்யட்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர்கள், சுமார் 24 மைல் தொலைவிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே எக்ஸ்ரே படங்களைப் பெற்றுப் படித்ததை வெளியிட்டார்கள். 1959இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஜூத்ரா என்னும் மருத்துவர் இரண்டு மருத்துவமனைகளுக்கிடையே கம்பிவடத்தின் வழியே படங்களை அனுப்பிக் காட்டினார்.

பெரிய திருப்பம் 1971இல் நேர்ந்தது. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி அவ்வாண்டு அக்டோபரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. இதில் படம் பிறக்கும்போதே எண்களாகப் பிறக்கிறது. இன்றைய கருவியில் வழக்கமாக ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளி. ஆக 2,62,144 எண்கள். எண்ணாகிவிட்ட எதையும் கம்பியிலும் வானிலும் அனுப்பலாம். எந்தக் கருவியின் படத்தையும் எந்தக் கணினியும் திறக்கும்படி ஒரு பொதுவிதி 1985இல் தொடங்கி, 1993இல் டைகாம் என்னும் பெயரோடு வந்தது. அந்த விதிப்படி ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் நோயாளியின் பெயர், பிறந்த நாள், எண் முதலியவற்றை எழுதிவைக்க இடம் உண்டு. பெயரைச் சுமந்துகொண்டே படம் பறக்கிறது.

நம் நாட்டில் ஆந்திரத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரிலிருந்து 2000ஆம் ஆண்டில் துணைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களுக்குப் படங்களை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. அப்போது இந்தியா வந்திருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அதைத் தொடங்கி வைத்தார். 2002இல் பெங்களூரில் மருத்துவர் அர்ஜுன் கல்யாண்பூரும் அவர் துணைவியார் சுனிதா மகேஸ்வரியும் நிறுவிய அமைப்பு, அமெரிக்க மருத்துவமனைகளின் நள்ளிரவுப் படங்களை இங்கே நண்பகலில் படித்து அறிக்கை தந்தது. அங்கே உறங்காத ஒரு நோயாளிக்காக இங்கே விழித்திருக்கும் ஒருவர் பார்க்கிறார். எண்ணிப் பார்த்தால் இது அழகான ஏற்பாடே அன்றோ?

அண்மையும் சேய்மையும்

ஆகவே, இந்த முறையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எல்லாச் சிற்றூர்களிலும் நள்ளிரவில் ஒரு கதிரியல் மருத்துவரை அமர்த்திவைக்க நம் நாட்டில் ஆள் இல்லை. சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவருக்குப் பொழுது விடியும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. தொலைவிலிருந்து பார்க்கும் கண் ஒன்று இருப்பது, கண்ணே இல்லாததைவிட மேலானது.

அருகில் இருத்தல் என்பது தானாகவே நல்ல மருத்துவம் ஆகிவிடாது. 17ஆம் நூற்றாண்டில் முகலாயர் நாட்டில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, அந்தப்புரத்தில் நோயுற்றிருந்த ஒரு பெருமாட்டிக்கு மருத்துவம் பார்க்கச் சென்றதை எழுதியிருக்கிறார். தலை முதல் கால் வரை காஷ்மீரச் சால்வையைப் போர்த்தி, குருடரை நடத்துவதுபோல் கையைப் பிடித்து அவரை உள்ளே நடத்திச் சென்றார்களாம். அங்கே மருத்துவர் அருகில் இருந்தார், காண முடியவில்லை. இங்கே மருத்துவர் தொலைவில் இருக்கிறார், எலும்புக்குள்ளும் காண்கிறார். அவருக்கு மறைக்கப்பட்டது உடல். இவருக்கு மறைந்திருப்பது ஆள். இரண்டில் எந்தத் திரை கனமானது?

கண் மட்டும் போதுமா?

படம் முழுவதும் கண்முன் இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. முகத்தைப் பார்த்தால் இரக்கம் குறுக்கிடும். படத்தை மட்டும் பார்ப்பதே நடுநிலை என்றும் சொல்வார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிடாமல் ஆராய வேண்டும்.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்வையைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதனாலேயே காட்சி உண்டாகிறது என்று நிறுவியவர் அவர். அதே நூலில் இன்னொன்றையும் அவர் விரித்துரைத்தார். ஒளி கண்ணில் படுவதோடு காட்சி முடிவதில்லை. முன்பு அறிந்ததை நினைவில் கொண்டு ஒப்பிட்டு, ஊகித்து, தீர்மானிக்கும் செயல் அதனோடு சேர வேண்டும் என்றார். கண் வாங்குகிறது, உள்ளம் காண்கிறது.

2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. நுரையீரல் ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லாவின் சிறு உருவத்தைச் செருகி, 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடினார்கள். கட்டியைப்போல் 48 மடங்கு பெரிதாயிருந்த கொரில்லாவை 20 பேர் காணவில்லை! அவர்களுள் பெரும்பாலோரின் கண் அந்த இடத்திலேயே நேராகப் பதிந்தும் இருந்தது. எதைத் தேடச் சொல்கிறோமோ அதையே கண் காண்கிறது. இது மருத்துவரின் குறையன்று. மனிதப் பார்வையின் இயல்பு.

இன்னும் வியப்பானது 2008இல் ஜெருசலேம் நகரத்து மருத்துவர்கள் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்த ஆய்வு. ஸ்கேன் படத்தைத் திறக்கும்போது நோயாளியின் முகப்படமும் திரையில் தோன்றுமாறு செய்தார்கள். எதற்காக ஸ்கேன் எடுக்கப்பட்டதோ அதற்கு அப்பாற்பட்ட கோளாறுகளும் கண்டறியப்பட்ட 81 படங்களைத் தேர்ந்து, மூன்று மாதம் கழித்து முகப்படமின்றி மீண்டும் காட்டினார்கள். முன்னர் எழுதப்பட்ட அந்தக் கூடுதல் கோளாறுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது இம்முறை எழுதப்படவில்லை. ஓர் ஆய்வை வைத்தே முடிவு கட்டிவிடலாகாது என்பது உண்மை. என்றாலும், முகம் குறுக்கிட்டால் பார்வை மங்கும் என்ற வாதத்துக்கு இது நேர்மாறாகப் பேசுகிறது. முகம் கண்டவர் கூர்ந்து பார்த்தார். இரக்கமும் நுட்பமும் பகையாளிகள் அல்ல. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகவே குழாயின் படத்துக்கும் மனிதரின் படத்துக்கும் உள்ள வேறுபாடு அன்பைப் பற்றியது மட்டுமன்று. அறிவைப் பற்றியதும் ஆகும். ஆளை நீக்கிவிட்டுப் பார்ப்பவர் குறைவாகவே காண்கிறார்.

அமானிதம் யாருடையது?

நம் குடும்பங்களில் அமானிதம் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன நகைப்பொட்டலம் அமானிதம். அதை வாங்கியவர் வேறொருவர் கையில் கொடுத்துவைத்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை. பொட்டலம் போகுமிடமெல்லாம் பொறுப்பும் போகிறது. உடலின் உட்புறத்தைக் காட்டும் படமும் அத்தகையதே. அது கைமாறும்போது அமானிதமும் கைமாறுகிறது; கரைந்துபோவதில்லை.

முதற் பொறுப்பு படத்தை அனுப்புகிறவருடையது. நோயாளியின் முகத்தைக் கண்டவர் அவர் ஒருவரே. தாம் கண்டதை எழுத்தில் அனுப்பாவிட்டால், மறுமுனையில் இருப்பவரின் கண்ணைத் தாமே பாதி கட்டிவிடுகிறார். என்ன நோவு, எத்தனை நாளாக, விழுந்தாரா, என்ன மருந்து என்னும் நான்கு வரிகள் போதும். தொலைவிலிருப்பவருக்கு அவையே முகம்.

இரண்டாம் பொறுப்பு படிக்கிறவருடையது. மணிக்கு எத்தனை படம் என்று கணக்கிட்டு ஊதியம் தரும் இடங்களில் அவருக்குள்ள நெருக்கடியை நாம் அறிவோம். ஆயினும், சீட்டில் ஒரே சொல் இருந்தால் இன்னும் விவரம் தேவை என்று திருப்பிக் கேட்பதும், ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதுவதும், கேட்டவர்க்கு மறுமொழி சொல்ல எட்டும் தூரத்தில் இருப்பதும் அவர் கடன். 9ஆம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ மருத்துவரின் ஒழுக்கம் பற்றி ‘அதபுத் தபீப்’ என்னும் நூலை எழுதினார். நோயாளியின் நிலையையும் கொடுத்த மருந்தையும் மருத்துவர் எழுதிவைக்க வேண்டும், பின்னர் பிற மருத்துவர்கள் அதைப் பார்த்துச் சரி தவறு கூற வேண்டும் என்னும் கருத்து அதில் காணப்படுகிறது. கையெழுத்திடுவது என்றால் கேள்விக்கு உட்படுவது என்று பொருள். 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும், நேரில் பார்ப்பவருக்குள்ள தொழில் ஒழுக்கமே தொலைவில் பார்ப்பவருக்கும் உண்டு என்கின்றன. மருத்துவரும் நோயாளியும் ஒருவருக்கொருவர் பெயர் அறியாதவராக இருக்கக்கூடாது என்றும் கூறுகின்றன.

இனி, இயந்திரமே படிக்கும் காலமும் வந்துவிட்டது. சர்க்கரை நோயால் விழித்திரையில் நேரும் சேதத்தைக் கண்டறியக் கணினிக்குப் பயிற்சி தரலாம் என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கு கொண்டன. பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி மறுமொழி கூறாது. “மறுபடியும் பார்க்கிறேன்” என்று தானாகச் சொல்லாது. அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு மனிதர் கடைசியில் இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் பொறுப்பு நம்முடையது. இதைச் சொல்லும்போது நமக்கே தலை குனிகிறது. உண்மையை மறைத்தவர் நம் தமக்கையார். மறைக்கும்படியான அச்சத்தை வீட்டில் வளர்த்தவர்கள் நாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக்கூடாது என்று முதியோர் தம் வீழ்ச்சிகளை விழுங்கிவிடும் வீடுகள் நம்மிடையே எத்தனை! அடுத்தது, அந்தப் படத்தை நாற்பது பேருக்கு அனுப்பிய செயல். அந்நிய ஆடவர் முன் முந்தானை நழுவினால் பதறும் அந்த மூதாட்டியின் மண்டையோட்டின் உட்புறத்தைப் பெயரோடு ஊருக்குக் காட்டினோம். அனுமதி கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 2019இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மருத்துவப் படங்கள் பூட்டின்றி இணையத்தில் திறந்து கிடந்ததைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது. அதைப் படித்தபோது மருத்துவமனைகளைக் குறை கூறினோம். நம் கைப்பேசிக்கு மட்டும் பூட்டு உண்டா?

உட்புறத்தைக் காண வல்லவர் அனைத்தையும் வெளியிட உரிமையுடையவர் ஆகிவிடுவதில்லை. கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் சொல்லக்கூடாது என்று 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்த நாடு இது. படம் பார்க்கும் கருவியைப் பெண் சிசுவைக் கொல்லும் கருவியாக்கியவர்களால் வந்த சட்டம் அது. காண்பதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு; கண்டதைச் சொல்வதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு.

ஆக, நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இதுவே. தொலைவு பொறுப்பைக் குறைப்பதில்லை. பொறுப்பை மறப்பதை எளிதாக்குகிறது. அருகில் இருப்பவருக்கு முகமே நினைவூட்டும். தொலைவில் இருப்பவருக்கு நாமே நினைவூட்ட வேண்டும். அவரும் தம்மைத் தாமே நினைவூட்டிக்கொள்ள வேண்டும். படம் குழாயினுடையதாகிவிடாமல் காப்பது அதைத் தொடுகின்ற ஒவ்வொரு கையின் கடமையாகும்.

தமக்கையார் பத்து நாளில் வீடு திரும்பினார். தலையில் தையல் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அஸருக்குப் பின் பேரனை அழைத்து, மருத்துவமனைத் தாள்களை எடுத்து வரச் சொன்னார். இரண்டாவது அறிக்கையின் அடியில் அச்சாகியிருந்த மருத்துவரின் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இருமுறை தாமும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“எந்த ஊர்க்காரர்? யார் பிள்ளையோ! முகங்கூடத் தெரியாது. துஆவில் பெயரைச் சொல்ல வேண்டாமா?” என்றார்.

அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். அந்தப் பெயர் இன்றும் அவர் துஆவில் இருக்கிறது.